மே மாதத்தில் வாங்கிய தரை

மே மாதத்தில் தரை வாங்கக் கூடாது. அதிலும் கோயம்புத்தூரில் போய் வாங்கவே கூடாது. குன்னூரில் வீடு கட்டுகிறவனுக்கு இந்த ஒரு புத்தி இருந்தால் போதும். மற்ற கஷ்டங்கள் தானாக வந்து சேரும், அவற்றுக்கு யாரும் மெனக்கெட வேண்டியதில்லை.

நாங்கள் மே மாதத்தில்தான் வாங்கினோம். வெளியே வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. டைல்ஸ் கடைக்குள் நுழைந்ததும் என் மனைவி செருப்பைக் கழற்றினாள். அவளுடைய அண்ணி கழற்றினாள். அண்ணன், அதாவது என் மச்சான், ஷூவைக் கழற்றி, சாக்ஸையும் உருவி அதற்குள் திணித்தார். எங்கள் பக்கம் தரையை யாரும் கண்ணால் பார்த்து வாங்குவதில்லை, காலால்தான் வாங்குவார்கள். மூன்று பேரும் பளபளவென்றிருந்த வெள்ளை டைல்ஸ் மேல் ஏறி நின்று கண்ணை மூடிக்கொண்டார்கள்.

“ஐஸ் மேல நிக்கற மாதிரியே இருக்குதுங்கண்ணா” என்றாள் என் மனைவி.

“இதுதான். ஊடு பூராவும் இதையே போட்டுடலாம். மாப்ளை, நீங்களும் ஏறி நில்லுங்க.”

நானும் ஏறினேன். சுகமாகத்தான் இருந்தது. வீடு இருப்பது மலை மேலே என்பது அங்கே நின்ற எட்டுக் காலில் ஒன்றுக்குக்கூட ஞாபகம் வரவில்லை.

டைல்ஸ் மச்சானின் சீர். தங்கை புது வீடு கட்டினால் தாய்வீட்டிலிருந்து சீர் வர வேண்டும். மற்றவர்கள் குத்துவிளக்கு கொடுப்பார்கள், பீரோ கொடுப்பார்கள். பிடிக்காவிட்டால் மூலையில் தள்ளி வைக்கலாம். என் மச்சான் எல்லோரும் மிதிக்கிற மாதிரி கொடுத்தார். ஹால், படுக்கையறை இரண்டு, சமையலறை, சாமி அறை, குளியலறை எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளை. லாரியில் ஏற்றி அனுப்பினார்.

வீட்டை ஆரம்பித்தபோது தேயிலைக்கு நல்ல விலை. முடித்தபோது விலை செத்துப்போயிருந்தது. எனக்குக் கடைவீதியில் உரக்கடை. உரம், மருந்து, கவாத்துக் கத்தி எல்லாம் வைத்திருந்தேன். இலை பறிக்கிற கூலிக்கே விலை கட்டவில்லை என்று ஆளாளுக்குத் தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். செடி மரமாகிக்கொண்டிருந்தது. உரம் எவன் வாங்குவான்? நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்து எதிர்க்கடைக்காரன் கொட்டாவி விடுவதைப் பார்த்தேன். அவன் என்னுடையதைப் பார்த்தான்.

ஆவணியில் பால் காய்ச்சிக் குடிபோனோம். அதுவரை கடைக்கு மேலே பலகை போட்ட மாடியில் குடியிருந்தோம். நடந்தால் கிரீச்சென்று சத்தம் வருகிறது என்று வருடக்கணக்கில் அந்தப் பலகையைத் திட்டியிருக்கிறோம். அது காலைச் சுடாமலும் கடிக்காமலும் வைத்திருந்தது என்பது புது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. ஐப்பசியில் மழை பிடித்தது. மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்தது. தரை வியர்த்தது. துடைத்தால் மறுபடியும் வியர்த்தது. பெண்ணும் பையனும் சாக்ஸ் போட்டுக்கொண்டு ஹாலில் சறுக்கி விளையாடினார்கள். அந்த வீட்டில் அந்தத் தரையால் சந்தோஷப்பட்டவர்கள் அவர்கள் மட்டும்தான். பெரியவர்கள் ஒரு மிதியடியிலிருந்து அடுத்த மிதியடிக்குத் தாவினோம். சமையலறைக்குப் போக ஐந்து தாவல். காப்பி டம்ளரோடு தாவிப் பார்த்தவனுக்குத்தான் என் கோபம் புரியும்.

“செருப்புப் போட்டுக்கோ” என்றேன்.

“செருப்போட அடுப்பு முன்னால நிக்கறதா? சாமி ரூமுக்குள்ள போறதா? எங்கூட்டுல அந்தப் பழக்கம் இல்லீங்க.”

“அப்ப சாக்ஸ்.”

“ஈரத்துல சாக்ஸா? நீங்க போட்டுட்டு ஒரு நாளைக்குச் சோறாக்குங்க, பாக்கலாம்.”

கார்த்திகையில் அவளுடைய கால்விரல்கள் சிவந்து வீங்கின. அப்போதுதான் மச்சான் போன் செய்தார். தேயிலைதான் இப்படி ஆகிவிட்டதே, வரும் ஜூனில் பிள்ளைகளைக் கோயம்புத்தூரிலேயே சேர்த்துவிடலாம், பள்ளியில் சொல்லிவைத்துவிட்டேன், வீட்டு மாடி காலியாக இருக்கிறது, மாப்பிள்ளை என் மோட்டார் கடையில் வந்து உட்காரட்டும் என்றார். எனக்குக் கோயம்புத்தூர் வெயில் ஆகாது. மச்சான் கடையில் உட்கார்ந்து மச்சானுக்கே கணக்குச் சொல்வது அதைவிட ஆகாது. நான் பிறந்தது குன்னூர். வாயைத் திறப்பதற்குள் மனைவி ஒரு முடிவு சொல்லிவிட்டாள்.

“முழுப் பரீட்சை வரைக்கும் பாக்கறேனுங்க. இந்த ஊட்டுக்குள்ள வெறுங்கால்ல நடக்க ஒரு வழி கெடைச்சா இருக்கறேன். இல்லீன்னா பசங்களக் கூட்டிட்டுக் கீழ எறங்கிடறேன். நீங்க வந்தா வாங்க, வராட்டி உரத்துக்குக் காவல் இருங்க.”

“டைல்ஸைப் பேத்துப் போட்டுடறேன்.”

“எங்கண்ணன் வெச்ச சீரப் பேப்பீங்களா? பேத்துட்டு அவர் மூஞ்சில எப்படி முழிப்பீங்க?”

ஆக, தரையில் நடக்கவும் முடியாது, தரையைத் தொடவும் கூடாது. குன்னூரை விட்டுப் போவதா இருப்பதா என்பது அவளுடைய பத்து விரலில் வந்து நின்றது.

அதற்குப் பிறகு அவள் செய்த காரியத்தை யாரிடமும் கேட்டுச் செய்யவில்லை. தரை பார்க்கக் கிளம்பிவிட்டாள். அதுவும் விடிகாலையில், தரை நன்றாகக் குளிர்ந்திருக்கிற நேரம் பார்த்து. தெரிந்தவர் வீடு, தெரிந்தவருக்குத் தெரிந்தவர் வீடு என்று ஒன்று விடவில்லை. கல்யாணம் இல்லை, சாவு இல்லை, ஒரு பெண்பிள்ளை ஏழு மணிக்கு வந்து செருப்பைக் கழற்றி, அறை அறையாக நின்று நின்று பார்த்தால் வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? அந்த வருடம் பாதிப் பேர் வீட்டையோ தோட்டத்தையோ விற்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். வெளியே சொல்ல வெட்கம், அவ்வளவுதான்.

கட்டபெட்டில் என் வாடிக்கைக்காரர் வீட்டுக்கு நானும் கூடப் போனேன். சிவப்பு சிமெண்டுத் தரை, தேய்ந்து வழவழவென்றிருந்தது. என் மனைவி நடுவில் நின்று கண்ணை மூடினாள். அந்த வீட்டம்மா டீயைக் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ஓடு போன வருஷந்தான் மாத்தினோம். தண்ணிக்குக் கஷ்டமே இல்லை. மாட்டுக் கொட்டாயும் சேர்த்துத் தர்றோம்.”

“நான் தரை எப்படி இருக்குன்னுதானுங்க பார்க்க வந்தேன்.”

“நல்லாப் பாருங்க. எங்கயும் விரிசல் கிடையாது.”

ஒரே வாரத்தில், கோயம்புத்தூர் பார்ட்டி ஒருவனுக்காக உரக்கடைக்காரன் ஊரையே வளைத்துப் போடுகிறான் என்று கடைவீதி முழுக்கப் பேச்சு. உரம் வாங்க வராத ஜனம் வீடு விற்கக் கடையேறி வந்தது. ஒரு தரகர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, “ஏனுங்க, நமக்குள்ள ஒளிவு மறைவு வேணாமுங்க. பார்ட்டி யாருங்க?” என்றார்.

“பார்ட்டி என் சம்சாரங்க. கால் குளிருதாம்.”

“சொல்ல இஷ்டமில்லீன்னா உட்டுருங்க” என்று கோபித்துக்கொண்டு போனார். நிஜத்தைச் சொல்கிறவனை இந்த ஊர் நம்பியதே இல்லை.

அப்படித் தேடி வந்தவர்களில் ஒருவர் சின்ன டீ ஃபேக்டரி வைத்திருந்தவர். மூடி ஒரு வருடமாகியிருந்தது. நேரில் பார்த்துவிட்டுப் பேசலாம் என்றார். நான் முடியாது என்று சொல்ல வாயெடுப்பதற்குள் மனைவி சேலையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். கீழே இயந்திரங்களை ஏற்கெனவே விற்றிருந்தார். மேல்மாடியில் ஒன்றுமில்லை. பச்சை இலையை வாட்டுவதற்குப் பரப்பிவைக்கிற மாடி அது. சுவருக்குச் சுவர் மரப்பலகைத் தரை. என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தாள், திரும்பி வந்தாள், மறுபடியும் நடந்தாள். வெளியே புல்லில் பனி வெள்ளையாகக் கிடந்தது.

“இது வேணுமுங்க” என்றாள்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “ஃபேக்டரியோட எடத்தையும் சேத்துத்தானுங்களே?”

“இல்லீங்க. இந்தப் பலகை. ரெண்டு ரூமுக்கு மட்டும்.”

அந்த மனிதர் ஜன்னல் திட்டில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். “மிஷினப் பாக்க ஆள் வந்தாங்க, எடத்த அளக்க ஆள் வந்தாங்க. நடந்து பாக்க ஒரு ஆள் வந்தது இப்பத்தானுங்கம்மா” என்றார். இரண்டு அறைக்கு என்ன, மூன்றுக்கே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. அந்தச் சங்கடத்திலும் கோபந்தான் வந்தது. யார் மேல் என்று கேட்டால் தெரியாது.

பிறகு வீடு அவள் சொன்னபடி மாறியது. படுக்கையறைகளில் டைல்ஸுக்கு ஒரு கீறல் விழாமல் அதன் மேல் சட்டம் பரப்பி, சட்டத்தின் மேல் பலகை அடித்தோம். தரை உயர்ந்துவிட்டதால் கதவுகளை அடியில் அறுக்க வேண்டியதாயிற்று. சமையலறையில் டைல்ஸ் இருக்கட்டும், எண்ணெய் சிந்தினால் துடைக்கலாம் என்றாள். அடுப்பு முன்னால் மட்டும் ஆள் நிற்கிற அளவுக்குப் பலகை மேடை. சாமி அறைக்கும் ஒரு மேடை கேட்டாள். “சாமி எல்லாம் பலகை மேலதான் நிக்குது. கும்பிடறவ மட்டும் ஐஸ் மேல நிக்கணுமா?” என்றாள். குளியலறையில் நான் ஒரு முறை வழுக்கி வாளியோடு உட்கார்ந்திருந்தேன். சீர் குளியலறை வரைக்கும் செல்லாது என்று அவளே தீர்ப்புச் சொல்லி, அங்கே மட்டும் பேர்த்துச் சொரசொரப்பான கல்லைப் போடவைத்தாள். ஹாலில் கயிற்றுப்பாய் ஒன்றை விரித்ததோடு சரி. அங்கே வருகிற விருந்தாளி கால் குளிர்ந்து சீக்கிரம் கிளம்பிவிடுவான். ஹாலுக்கு அதைவிடப் பொருத்தமான தரை கிடையாது என்பது என் கட்சி.

ஒரு தொல்லை மட்டும் தீரவில்லை. வெயில் பட்டால் படுக்கையறையில் தேயிலை வாசனை வரும். பகலெல்லாம் கடையில் உட்கார்ந்து தேயிலையைத் திட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், அது எனக்கு முன்னால் வந்து என் கட்டிலுக்கடியில் படுத்திருக்கும்.

முழுப் பரீட்சைக்கு முன்னால் மச்சான் பதில் கேட்க நேரிலேயே வந்தார். ஹாலில் ஷூவைக் கழற்றிவிட்டு நாலு எட்டு வைத்தார். ஐந்தாவது எட்டில் குதிகாலைத் தூக்கிக்கொண்டார். அப்படியே நுனிக்காலில் படுக்கையறைக்குள் போய்ப் பலகையில் கால் வைத்ததும் நின்றுவிட்டார். குனிந்து தட்டிப் பார்த்தார்.

“ஏம்மிணி, நான் வெச்ச டைல்ஸ் எங்க?”

“கீழதான் இருக்குதுங்கண்ணா. பத்திரமா.”

“மூடி வெச்சுட்டியா?”

“நல்ல சேலையப் பொட்டியில வெக்கறதில்லீங்களா?”

கட்டில் காலியாக இருந்தது. அதில் உட்காராமல் மச்சான் பலகையிலேயே சம்மணம் போட்டார்.

“அப்ப ஸ்கூல்ல என்னன்னு சொல்லட்டும்?”

அவள் சமையலறைக்கு வெறுங்காலோடு போனாள். நான் கதவோரம் போய் நின்று எட்டிப் பார்த்தேன். பால் பொங்கி இறங்கும்வரை அடுப்பு முன்னால் பலகை மேல் நின்றிருந்தாள். இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்து, ஒன்றை என்னிடமும் ஒன்றை அவர் கையிலும் கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

“அந்த எடத்த வேற யாருக்காச்சும் குடுத்தரச் சொல்லுங்கண்ணா.”

மச்சான் என்னை ஒரு பார்வை பார்த்தார், எல்லாம் நான் சொல்லிக்கொடுத்த மாதிரி. நான் என்னுடைய டீயைக் குடித்து முடித்தேன். கடை திறக்க நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பினேன். அன்றைக்கும் ஒருவரும் உரம் வாங்க வரவில்லை.