கழற்றாத நட்சத்திரம்

உப்பளம் பகுதியில் நாங்கள் மாடியில் வாடகைக்கு இருந்த வீட்டின் கீழ்க்கூடத்தில், கூரைக் கொக்கியில் கட்டிய கயிற்றில் ஒரு காகித நட்சத்திரம் தொங்கும். சிவப்புக் காகிதம், மூங்கில் சட்டம், ஒரு முனை மட்டும் நசுங்கியிருக்கும். கிறிஸ்துமஸுக்குக் கட்டி, ஜனவரி தொடக்கத்தில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் கழற்றிப் பரணில் வைப்பது அந்தத் தெருவின் வழக்கம். வீட்டுக்குச் சொந்தக்காரரை நாங்கள் ஓனரம்மா என்றுதான் அழைப்போம். கணவரை இழந்தவர், கீழே தனியாக இருந்தார். ஒரு வருடம் அவர் அந்த நட்சத்திரத்தைக் கழற்றவில்லை. அது தொங்கும் வரை கூடத்தில் மின்விசிறி போடவும் யாரையும் விடவில்லை.

அதன் காரணம் 2001 செப்டம்பரிலேயே தொடங்கிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. அந்த மாதம் ஒரு நாள் இருட்டிய பிறகு அலமாரியில் பாத்திரங்கள் கிலுகிலுத்தன. உட்கார்ந்திருந்த கட்டிலை யாரோ பிடித்து அசைத்தது போலிருந்தது. தெருவே வெளியே வந்து நின்றது. கடலுக்கடியில் நிலநடுக்கம் என்று பிறகு செய்தியில் சொன்னார்கள். எங்கள் தெருவில் ஒரு சுவரும் விழவில்லை. கொஞ்ச நேரத்தில் பயம் போய்க் கேலி வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர், "எம் பொண்டாட்டி கொஞ்சம் வேகமா நடந்தா, அதுக்குப் போய் ஊரே வெளிய வந்துட்டீங்க" என்றார். அவர் மனைவி உட்பட எல்லோரும் சிரித்தோம். பூமி ஆடும், நிற்கும், அவ்வளவுதான் என்று அன்று நாங்கள் கற்றுக்கொண்டோம்.

அதனால்தான் 2004 டிசம்பர் இருபத்தாறாம் தேதி காலையில், காற்றே இல்லாத கூடத்தில் நட்சத்திரம் ஆடியபோது ஓனரம்மா பயப்படவில்லை. பூசைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவர், என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டி, "பாரேன், ஊஞ்சல் ஆடுது" என்று சிரித்தார். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கோயிலுக்குப் போய்விட்டார். அவர் திரும்புவதற்குள் கடல் வந்துவிட்டது. கடற்கரைச் சாலையோரம் அலைத்தடுப்பாகக் கொட்டியிருந்த கருங்கற்கள் நகரத்தைக் காத்தன. மீனவர் குப்பங்களுக்கு அப்படி எந்தக் கல்லும் இல்லை.

ஓனரம்மாவின் ஒரே மகள் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பல நாட்கள் போன் கிடைக்கவில்லை. கிடைத்தபோது, உயிரோடு இருக்கிறேன், வேலை அதிகம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். "நான் இங்க சிரிச்சிட்டிருந்த நேரத்துல அவ அங்க..." என்று ஓனரம்மா பலமுறை ஆரம்பித்திருக்கிறார். ஒருமுறைகூட முடித்ததில்லை. ராஜாக்கள் திருநாள் போனது. நட்சத்திரம் அங்கேயே இருந்தது. குழம்பு கிளறும்போதும் ஜெபமாலை சொல்லும்போதும், மறுபடி ஆடுகிறதா என்று அவர் கண் அதன் மேலேயே இருக்கும்.

ஜனவரிக் கடைசியில் அந்தமான் கடலுக்கடியில் நிலநடுக்கங்கள் கூட்டமாக வரத் தொடங்கின. நாளிதழ் செய்தியை நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டுவேன். பெரியது ஒன்று வந்து, பின்னதிர்வுகள் நாளாக நாளாகக் குறைவது ஒரு வகை. இது வேறு. எது பெரியது என்று சொல்ல முடியாதபடி, ஏறக்குறைய ஒரே அளவில் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தது. பாறை பிளந்து ஒன்றையொன்று உரசி நகரும் இடத்தில் இப்படி நடப்பதுண்டு என்று போட்டிருந்தார்கள். சின்னதாக வந்து அழுத்தம் தீர்ந்துவிட்டால் பெரியது வராது என்று தெருவில் எல்லோரும் அவருக்குத் தைரியம் சொன்னார்கள். அவர் என்னிடம் கேட்டார். "நெசமா, தம்பி?"

சிறியவை எத்தனை வந்தாலும் ஒரு பெரியதற்கு ஈடாகாது என்று படித்திருந்தேன். வரும் என்றும் சொல்ல முடியாது, வராது என்றும் சொல்ல முடியாது. தெரியாது என்றேன். யாருக்குமே தெரியாது என்றும் சேர்த்துச் சொன்னேன்.

மறுநாள் காலை அவர் மாடிக்கு வந்தார். அம்மாவுக்கு நெஞ்சுவலி, உடனே புறப்பட்டு வா என்று மகளுக்கு நான் போன் செய்ய வேண்டுமாம். "நான் சொன்னா நம்பமாட்டா. நீங்க பொய் பேசமாட்டீங்கன்னு அவளுக்குத் தெரியும். நீங்க சொன்னா வந்துடுவா."

அவரோடு கீழே வந்து ஆஸ்பத்திரி வார்டின் போன் எண்ணுக்குப் போட்டேன். ஓனரம்மா ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டு நின்றார். மகள்தான் எடுத்தாள். "அம்மாவுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"இருங்கண்ணே, ஆடுது" என்றாள்.

இரும்புக் கட்டில்கள் தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. யாரோ ஒரு பெண் அலறினாள். எல்லாவற்றுக்கும் மேலே மகளின் குரல், பதற்றமில்லாமல், யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது. "ஒண்ணுமில்ல பாட்டி, என் கையப் புடிச்சுக்குங்க. நான் எங்கியும் போவல. இங்கதான் இருக்கேன்." நானும் ஓனரம்மாவும் நட்சத்திரத்தைப் பார்த்தோம். அது அசையவே இல்லை.

"நின்னுடுச்சுண்ணே. அம்மாவுக்கு என்ன?"

ஓனரம்மா என் கையிலிருந்து ரிசீவரை வாங்கிக்கொண்டார். "எனக்கு ஒண்ணுமில்லடி. நட்சத்திரத்தக் கழட்டிடலாமான்னு கேக்கத்தான் போட்டேன்."

"இன்னுமா கழட்டல? சாம்பல் புதன் வந்து தவக்காலமே தொடங்கப்போவுது. ஊரே சிரிக்கும்மா."

"சிரிக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டார். என்னைப் பார்த்து, பிரெஞ்சில் நன்றி சொல்லும் அந்த ஊர் வழக்கப்படி, "மெர்சி, தம்பி" என்றார். எதற்காக என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நான் எதுவுமே சொல்லியிருக்கவில்லை. அவர் அதே இடத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

மகள் விடுப்பில் வந்தது அந்த வருடம் மழைக்காலத்தில். நாற்காலி போட்டு ஏறி, நிறம் வெளுத்த நட்சத்திரத்தை அவளே கழற்றினாள். கயிற்றை மட்டும் விட்டுவைக்கும்படி அம்மா கேட்டுக்கொண்டார்.

நாங்கள் இப்போது தவளக்குப்பத்தில் சொந்த வீட்டில் இருக்கிறோம். ஓனரம்மா இன்று உயிரோடு இல்லை. மகள் மாற்றலாகி வந்து அதே கீழ்க்கூடத்தில் குடியிருக்கிறாள். போன கிறிஸ்துமஸுக்குப் போயிருந்தோம். வாசலில் பிளாஸ்டிக் நட்சத்திரம் கலர் கலராக மின்னியது. கூடத்தில் அந்தப் பழைய கயிறு அப்படியே தொங்கியது. நுனியில் அம்மாவின் ஜெபமாலைச் சிலுவையைக் கட்டியிருந்தாள். வெயிலில் வந்த எங்களுக்காக மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கேக்கைத் தட்டில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தவள் பாதிப் பேச்சில் நின்றாள். சிலுவை ஆடிக்கொண்டிருந்தது. விசிறிக் காற்றுதான் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எழுந்துபோய் விசிறியை நிறுத்தினாள். கயிறு அடங்கும் வரை நாங்கள் யாரும் கேக்கைத் தொடவில்லை.