காபிக்கு முன் வந்த தூபம்

கண் ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டு, மூடியபடி உட்காரச் சொல்லியிருந்தார்கள். கைப்பேசி அடித்தது. யார் என்று பார்க்க முடியாமலே எடுத்துக் காதில் வைத்தேன். "கோமதியக்கா, மங்கை அக்கா காலைல போயிட்டாங்க. தூக்கத்துலயே," என்றான் மங்கையின் தம்பி. அவன் அழவில்லை. சற்றுக் கழித்து வந்த நர்ஸ், "ஏம்மா, மருந்தெல்லாம் வழிஞ்சு போச்சே, கண்ணைத் திறந்தீங்களா?" என்று கடிந்துகொண்டு மறுபடி சொட்டு விட்டாள். திறக்கவில்லை என்று அவளிடம் சொல்லத் தோன்றவில்லை.

மங்கையர்க்கரசியிடம் படித்த மாணவிகளே, என்னை எழுதச் சொன்னவர்கள் நீங்கள். உங்களுக்கு அவள் பூகோள டீச்சர், பிறகு தலைமையாசிரியை. நீங்கள் நடத்திய இரங்கல் கூட்டத்தில், அவளோடு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தவர் என்று ஒரு பேராசிரியரை மேடையேற்றினீர்கள். பெயரை நான் சொல்லப் போவதில்லை, பொன்னாடை போர்த்திய உங்களுக்கே தெரியும். "மங்கை ரொம்பக் கெட்டிக்காரி, ஆனா பயந்த சுபாவம். அரபு நாட்டு மலைக்காரங்க சாம்பிராணி போட்டு வரவேற்றாங்க, இவங்க என்னவோ பேயைக் கண்டாப்பல எழுந்து ஓடியாந்துட்டாங்க" என்றார். நீங்கள் சிரித்தீர்கள். துக்கத்திலும் மனிதருக்கு ஒரு சிரிப்பு வேண்டியிருக்கிறது, உங்கள்மேல் தப்பில்லை. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அந்தப் புகைக்கு முன்னால் அன்று அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. நானும் மங்கையும் திருச்சியில் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். படிப்பு முடிந்ததும் எனக்குக் கல்யாணம் ஆகி, ராஸ் அல் கைமாவில் சிமெண்டு ஆலையில் வேலை பார்த்த கணவரோடு அங்கே போய்விட்டேன். அவள் மானுடவியலில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் தெரிந்த மொட்டை மலைகளின் உச்சியில் கல்வீடு கட்டி வாழ்கிறவர்களைப் பற்றித்தான் ஆராய்ச்சி. முக்கியமாக, அங்கே உள்ள பெண்களைப் பற்றி. என் கணவர் ஆபீஸில் யாரையெல்லாமோ பிடித்து அவளுக்கு விசா வாங்கிக் கொடுத்தார். பெட்டியும் படுக்கையுமாக வந்து இறங்கியவளிடம், "எப்ப மலைக்குப் போறே?" என்று கேட்டேன். "அவங்க கூப்பிடறப்ப," என்றாள். அதற்குள் ஒரு வருஷம் ஓடப்போகிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

அந்த வருஷம் முழுக்க அவள் செய்தது ஆயத்தம் மட்டுமே. மங்கை வெங்காயம் பூண்டுக்கே யோசிக்கிற வீட்டில் பிறந்தவள். மலையில் கருவாடும் ஆட்டுக்கறியும்தான் சாப்பாடு, விருந்தாளி வேண்டாமென்றால் வீட்டுக்காரருக்கு அவமானம் என்று கேள்விப்பட்டு, என் சமையலறையில் சுறாக் கருவாட்டைச் சுட்டுப் பழகினாள். முதல் வாய் உள்ளே போனதும் வெளியே ஓடினாள். திரும்பி வந்து இரண்டாவது வாய் எடுத்தாள். நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பட்டம் வாங்க இவ்வளவு நாத்தம் தேவையாடி?" என்று கேட்டேன். "அவங்க முன்னாடி மூஞ்சி சுளிச்சேன்னா அப்புறம் எதுக்குப் போகணும்?" என்றாள். ஒரு மாதத்தில் கருவாட்டைச் சப்புக்கொட்டித் தின்னத் தொடங்கிவிட்டாள். என் வீட்டுப் பாத்திரங்கள்தான் பாழாயின.

விடிகாலையில் தண்ணீர் கேனைத் தலையில் வைத்துக்கொண்டு கல்குவாரிப் பாதையில் ஏறி இறங்குவாள். பாதம் எதிரில் இருப்பவரைப் பார்க்காதபடி காலை மடித்து மணிக்கணக்கில் உட்கார்வாள். சாயங்காலம் எனக்கும் வேலை உண்டு. என் கணவரின் துண்டைத் தலையில் போர்த்திக்கொண்டு நான் அரபுக்காரி ஆகவேண்டும், அவள் விருந்தாளி. முதலில் பேரீச்சம்பழம், அடுத்து பால் சேர்க்காத காபி, பிறகு பேச்சு, எல்லாம் முடிந்த பிற்பாடு தூபம். தூபம் சுற்றி வந்தால் விருந்து முடிந்தது, அதற்குமேல் உட்காரக் கூடாது, எழுந்து விடைபெற வேண்டும். அது அந்த ஊர் மரியாதை. நான் எங்கள் சாம்பிராணிக் கரண்டியை நீட்டுவேன், அவள் எழுந்து நிற்பாள். பார்த்துக்கொண்டிருந்த என் கணவர், "ரெண்டு பேருக்கும் நல்லாத்தான் மறை கழண்டிருக்கு" என்று நியூஸ்பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார்.

இன்னொரு பழக்கத்தை அவள் கடைசிவரை விடவில்லை. எவரிடமும் எதையும் கேட்கமாட்டாள். ஆராய்ச்சி என்றாலே கேள்வி கேட்பதுதானே என்று நான் கேட்டபோது, "கேட்டு வாங்கினா பதில்தான் கிடைக்கும், சும்மா இருந்தா விஷயம் கிடைக்கும்" என்றாள். ஊரில் இருந்த சின்ன ஆஸ்பத்திரியின் பெண்கள் வரிசையில் போய் உட்கார்ந்து கொள்வாள். உடம்புக்கு ஒன்றும் இருக்காது. பக்கத்தில் இருப்பவளின் குழந்தையை மடியில் வாங்கிக்கொள்வாள், அவ்வளவுதான். அரபு மொழியை அந்த பெஞ்சில்தான் கற்றாள். உங்களில் யாராவது தப்புச் செய்து அவள் அறைக்குப் போயிருந்தால் நினைத்துப் பாருங்கள், ஏன் செய்தாய் என்று கேட்டிருக்க மாட்டாள். உட்கார வைத்துவிட்டு அவள் பாட்டுக்கு வேலை பார்த்திருப்பாள். நீங்களாகவே எல்லாவற்றையும் கொட்டியிருப்பீர்கள்.

அந்த பெஞ்சில்தான் உம் சயீத் கிடைத்தாள். சயீத்தின் அம்மா என்று பொருள், அங்கே பெண்களை மகன் பெயரால்தான் அழைப்பார்கள். மலைக்காரி. கோடையில் அவர்கள் குடும்பத்தோடு கீழே இறங்கிப் பேரீச்சந் தோட்டங்களில் ஓலைக்குடிசை போட்டுத் தங்குவார்கள், அறுப்பு முடிந்து வெயில் தணிந்ததும் மலைக்குத் திரும்புவார்கள். மங்கை அந்தத் தோட்டத்துக்குப் போய்வரத் தொடங்கினாள். சில நாள் நானும் போனேன். அவர்களோடு சேர்ந்து பேரீச்சம்பழம் பொறுக்குவாள், பாய் முடைவாள், வாயைத் திறக்கமாட்டாள். கடைசியில் உம் சயீத்தே கேட்டாள், எங்களோடு மேலே வருகிறாயா என்று. இரண்டு நிபந்தனை போட்டாள். கூட ஆண் யாரும் வரக்கூடாது, எங்கள் பெண்களைப் படம் எடுக்கக்கூடாது. மங்கை தன் மார்பில் கை வைத்து வாக்குக் கொடுத்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் என்னைக் கட்டிக்கொண்டு, "கோமு, கூப்பிட்டுட்டாங்கடி" என்றாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

பெண்பிள்ளையைத் தனியாக மலைக்கு அனுப்ப அவளுடைய ஆராய்ச்சி வழிகாட்டிக்கு மனம் வரவில்லை. துணைக்கு என்று கூடப் படித்த மாணவர் ஒருவரை அனுப்பிவைத்தார். கழுத்தில் கேமராவோடு வந்து இறங்கினார். மேடையில் பேசிய பேராசிரியர் அவர்தான். மங்கை அவரை உட்கார வைத்து நிபந்தனை இரண்டையும் பொறுமையாகச் சொன்னாள். "இங்க ஒருத்தர் பேரைச் சொல்லிப் போனா, போறவர் பண்றதுக்கெல்லாம் அந்தப் பேர்க்காரர்தான் பொறுப்பு. என் பேரைக் கெடுத்துடாதீங்க," என்றாள். "சேச்சே, எனக்குத் தெரியாதாங்க," என்றார் அவர்.

மறுவாரம் ஒரு காலை, ஆலையின் ஜீப்பை வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். மங்கையின் அண்ணன் என்று சொல்லிக்கொண்டார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை உள்ளே விட்டிருக்கிறார்கள். கிணற்றடியில் நின்ற பெண்களை, அவர்கள் முகத்தை மூடுவதற்குள் வரிசையாகப் படம் எடுத்திருக்கிறார். ஜீப் ஓட்டிய பாகிஸ்தான் பட்டாணியர் அன்று மாலையே எங்கள் வாசலில் வந்து நின்றார். "மைனே போலா ஸாப், ஃபோட்டோ மாஃபி, யல்லா சலோ. நஹி சுனா," என்று தலையில் அடித்துக்கொண்டார். வேண்டாம், கிளம்பலாம் என்று அவர் எவ்வளவோ சொல்லியும் இவர் காதில் வாங்கவில்லை. மங்கை அன்று சாப்பிடவில்லை. சண்டை போடுவாள் என்று நான் காத்திருந்தேன், அதையும் செய்யவில்லை.

மறுநாள் பிற்பகல் உம் சயீத்தைப் பார்க்கப் போனோம். நானும் வருவேன் என்று அந்த மனிதரும் ஜீப்பில் தொற்றிக்கொண்டார். அவரை மரத்தடியில் நிற்கவைத்துவிட்டு நாங்கள் இருவரும் குடிசைக்குள் போனோம். உம் சயீத் எழுந்து வரவேற்றாள், பாயைத் தட்டிப் போட்டாள், ஊரில் எல்லாரும் சுகமா என்று விசாரித்தாள். குரலில் ஒரு குறையும் இல்லை. மங்கை காலை மடித்து உட்கார்ந்து, மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் உம் சயீத் மூலையிலிருந்து தூபக்காலை எடுத்து வந்துவிட்டாள். பேரீச்சம்பழம் வரவில்லை. காபி வரவில்லை. தணலில் ஓமானின் சலாலா பக்கத்துச் சாம்பிராணிப் பிசின் புகைந்தது.

நான் வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி போடுகிற வீட்டுக்காரி. ஒரு வருஷம் நாடகம் போட்டுப் பழகியும் கை கேட்கவில்லை. என்னவோ விசேஷ மரியாதை என்று நினைத்து, கற்பூர ஆரத்தியை ஒற்றிக்கொள்வதுபோல் இரண்டு கையாலும் புகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மங்கை என் தொடையில் கிள்ளினாள். "எழுந்திரு கோமு," என்றாள், மிகவும் மெதுவாக. அவள் எழுந்து நின்று, புகையைத் தன் முந்தானையில் ஏற்றுக்கொண்டு, முறைப்படி விடைபெறும் வார்த்தைகளைச் சொன்னாள். உம் சயீத்தும் முறைப்படி பதில் சொன்னாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

வெளியே ஓலைத் தட்டியின் இடுக்கு வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் நம் அறிஞர். "என்னங்க இது, சாம்பிராணி போட்டு ராஜ மரியாதை பண்றாங்க, நீங்க பாதியில எழுந்து வந்துட்டீங்களே?" என்றார். மங்கை, "கலாஸ். வண்டில ஏறுங்க," என்றாள். முடிந்துவிட்டது என்பதற்கு அந்த ஊரில் அதுதான் சொல். அதற்குமேல் அவரிடம் அவள் எதுவும் பேசவில்லை. பேசாததை அவர் பயம் என்று எடுத்துக்கொண்டார். ஊருக்குப் போய் வழிகாட்டியிடம் அப்படியே சொன்னார். களத்துக்குப் போகும் தைரியம் இல்லாதவள் என்று துறையே முடிவு கட்டியது. கிணற்றடிப் படங்களை வைத்து அவர் டாக்டர் பட்டம் வாங்கினார். ஒரு வருஷம் கருவாடு தின்று பழகியவள் பி.எட். முடித்து, கரும்பலகையில் உங்களுக்கு அரேபியத் தீபகற்பம் வரைந்து காட்டினாள்.

எனக்கு அவள்மேலும் கோபம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நடந்ததைத் துறையில் போய்ச் சொல் என்று எத்தனையோ முறை தலைபாடாக அடித்துக்கொண்டேன். "உம் சயீத் என்னை வெளிய போன்னு சொல்லலடி. யாருக்கும் தெரியாம, என் மானம் போகாம அனுப்பி வெச்சா. நான் போயி ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கணுமா?" என்றாள். இன்னொரு முறை கேட்டதற்கு, "நான் மலைக்குப் போகலன்னு யாரு சொன்னா? வாசல் வரைக்கும் போனேன். வாசல் எதுன்னு தெரிஞ்சுது. அது போதும்" என்றாள். எனக்கு அது போதவில்லை. அவளுக்கும் போதியிருக்காது என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

கூட்டம் முடிந்த மறு ஞாயிறு பேராசிரியர் என் வீட்டுக்கு வந்தார். தாம் எழுதப்போகும் கட்டுரைக்கு மங்கையின் பழைய படம் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார். வாங்க என்றேன், நாற்காலி போட்டேன், சௌக்கியமா என்று விசாரித்தேன். பிறகு உள்ளே போய்த் தணல் எடுத்து, சாம்பிராணி தூவி, கரண்டியை அவர் முன்னால் நீட்டினேன். காபி கலக்கவில்லை.

அவர் முகம் மலர்ந்தது. இரண்டு கையாலும் புகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அங்க இருந்த பழக்கம் உங்களுக்கு இன்னும் போகலை பாருங்க," என்று சொல்லி, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். தணல் அணைந்தது. கடைசியில் காபியும் கலக்க வேண்டியதாயிற்று, இரண்டு டம்ளர் குடித்தார். படம் எதுவும் இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

மங்கையின் படங்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன, அவை எனக்கு. ஆனால் அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது வேறு. யார் வீட்டிலும் எனக்கான புகை எப்போது எழுகிறது என்று பார்க்கத் தெரியும், பார்த்ததும் எழுந்துகொள்ளத் தெரியும். மாணவிகளே, உங்கள் டீச்சர் ஓடி வரவில்லை. எழுந்து வந்தாள். ஓடியிருக்க வேண்டியவர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்.