அக்கா திரும்பப் பெற்ற அறிக்கை

எங்கள் அக்கா பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர். ஐவரில் மூத்தவர், எங்கள் நால்வருக்கும் அம்மாவுக்கு அடுத்த அதிகாரி. டாக்டருக்குப் படிப்பார் என்று அப்பா காத்திருக்க, அவர் மானிடவியல் படித்து வந்தார். "அது என்ன உத்தியோகம், பிள்ளை?" என்று அப்பா கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

எழுபதுகளின் இறுதியில், கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கர்ப்பிணிகள் ஏன் கிளினிக்குக்கு வருவதில்லை என்று அறிய, அக்கா வேலை பார்த்த சுகாதார இலாகா அவரை அனுப்பியது. அந்தத் தோட்டத்து ஆபீஸ் கணக்கரான கிராணியார் எங்கள் உறவினர். அவரே ஆபீஸ் காரை அனுப்பி, ஆபீஸ் வராந்தாவில் நாற்காலி போட்டு, பெண்களை வரிசையாக வரவழைத்தார். எல்லோரும் ஒரு குறையும் இல்லை என்றார்கள். பெண்களுக்கு அக்கறை போதவில்லை என்று அக்கா அறிக்கை கொடுத்துவிட்டார். அடுத்த மாதமே, அந்த வரிசையில் நின்ற ஒருவர் பிரசவத்தில் குழந்தையைப் பறிகொடுத்தார்.

செய்தி கேட்ட அக்கா பஸ் பிடித்துப் போய் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக் குழாயடியில் நின்றார். துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் வெடித்தார்.

"கிராணிக்குச் சொந்தம், ஆபீஸ் காடியில வந்து எறங்குறீங்க. உங்ககிட்ட யாரும்மா உண்மைய சொல்லுவா? முழுகாம இருக்கோம்னு தெரிஞ்சா வேலையிலேருந்து பேர வெட்டிருவாங்க. கிளினிக்கும் காலையிலதான். நாங்க வேலைக்குப் போறதா, அங்க வந்து நிக்கிறதா?"

அன்று வீட்டில் அக்கா சாப்பிடவில்லை. அறிக்கையைத் திரும்பப் பெறப் போவதாகச் சொன்னார். அப்படிச் செய்தால் வேலையே போய்விடுமோ என்று எனக்குப் பயம். "பேசாம விடுங்கோ அக்கா," என்றேன்.

"பிழை என்ர. நான்தான் திருத்த வேணும்."

சொன்னால் சொன்னதுதான். தம் அறிக்கை தவறு என்று மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்தார். கிராணியார் வீட்டோடு பேச்சு முறிந்தது. அக்கா அசரவில்லை. தொழிற்சங்கத்தாரையும் சேர்த்துக்கொண்டு அலையாய் அலைந்து, கிளினிக்கைப் பிற்பகலுக்கு மாற்ற வைத்தார். பெயர் வெட்டும் வழக்கத்தையும் நிறுத்த வைத்தார். பிறகு பண்டமாரான், செமினி என்று தோட்டம் தோட்டமாகத் தொண்ணூறுகள்வரை ஓயவில்லை. எங்கும் பஸ்தான். நான் ஆசையாக வாங்கிய காரில் பஸ் நிறுத்தம்வரைதான் வருவார். அதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

நோயில் படுத்தபோதும், வார்டில் பக்கத்துக் கட்டில் பெண்களை விசாரித்துக் குறிப்பெடுத்தார். அவரைக் கவனித்த டாக்டர்மாருக்கும் தாதியரான மிஸ்ஸிமாருக்கும், துக்கத்தில் தோள்கொடுத்த உற்றார் நண்பர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள்.

தோட்டத்துப் பெண்கள் லோரி பிடித்து இறுதிச் சடங்குக்கு வந்தார்கள். "படுத்திருக்காங்கன்னு எங்களுக்கு ஏன் சொல்லல?" என்று எங்களைக் கேட்டார்கள். அக்காவைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நாங்கள்தான் மறைத்தோம். அது பிழை. தோட்டத்து அம்மாமாரே, அதை இங்கே எழுதிக் கொடுக்கிறோம், எங்களை மன்னியுங்கள்.

நால்வர் சார்பில்,
கடைசித் தம்பி