மிச்ச டப்பாவை ஒழித்த தோட்டாக்கா

முப்பத்தெட்டுப் பேர் துப்பாக்கி தூக்கும் ஒரு காவல் நிறுவனத்தில், ஆயுதக் கிடங்கின் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து தோட்டா எடுத்துக் கொடுப்பவர் என்பதால், எல்லோருக்கும் அவர் தோட்டாக்கா. வயது ஐம்பத்தொன்று. குள்ளமான உருவம். ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்களுக்கு அவருடைய நெற்றியும் மூக்குக் கண்ணாடியும்தான் தெரியும். வாழ்நாளில் ஒரு முறைகூடச் சுட்டதில்லை.

“சுடத் தெரியாதவங்க கையில தோட்டாவைக் குடுத்து வெச்சிருக்காங்க” என்று புதிதாக வரும் காவலர்கள் கேலி செய்வார்கள்.

“சுடத் தெரிஞ்சவங்க கையில குடுத்தா ஒண்ணும் மிஞ்சாதுப்பா” என்பார் அவர்.

இந்த வேலைக்கு வரும்முன் பதினோரு ஆண்டுகள் ஒரு மருந்துக் கிடங்கில் இருந்தார். ஒரே அளவு, ஒரே வெள்ளை நிறம் கொண்ட இரண்டு மாத்திரைகளில் ஒன்று ஆளைக் காப்பாற்றும், இன்னொன்று ஆளை எடுத்துவிடும் என்பது அங்கே அவர் கண்ணால் கண்ட பாடம். தோற்றத்தை நம்பக் கூடாது, எழுத்தைப் படிக்க வேண்டும். பாதி காலியான இரண்டு குப்பிகளை ஒன்றாகக் கொட்டவே கூடாது. இவ்வளவும் தெரிந்தவர்தான் எட்டு மாதம் அதே தவறைத் தன் கையால் செய்தார். மேலே இருப்பவர் சொன்னார், கீழே இருப்பவர் செய்தார். உலகத்தில் நடக்கும் அநியாயத்தில் பாதிக்கு இந்த ஒரு வரி போதும்.

நிறுவனத்தில் இரண்டு வகை ரைஃபிள்கள் இருந்தன. பழையவற்றின் குழல் ஒல்லி. எட்டு மாதத்துக்கு முன் வந்த புதியவற்றின் குழல் தடிமன். மற்றபடி அச்சில் வார்த்த இரட்டைப் பிள்ளைகள்தாம். அதே உடம்பு, அதே கைப்பிடி, தோட்டா அடுக்கும் அதே மேகசின் பெட்டி. தோட்டாக்களும் அப்படித்தான். அடிப்பாகம் இரண்டுக்கும் ஒரே அளவு. மேலே செருகியிருக்கும் குண்டு மட்டும் ஒன்றில் மெலிந்தது, மற்றதில் பருத்தது. காவலர்கள் அவற்றை ‘ஒல்லி’, ‘தடியன்’ என்றார்கள். ஒவ்வொரு தோட்டாவின் அடியிலும் அதன் எண் பொறித்திருக்கும். ஒல்லிக்கு இருநூற்று இருபத்து மூன்று, தடியனுக்கு முந்நூறு. அதைப் படிக்கத்தான் யாருக்கும் நேரமில்லை.

நேரமில்லாமல் செய்தவர், சுடும் பயிற்சியை நடத்திய மாஸ்டர். பயிற்சி முடிந்ததும் சுடாமல் மிஞ்சிய தோட்டாக்களை இரண்டாகப் பிரித்து அட்டைப் பெட்டிகளில் திரும்ப அடுக்குவது அவருக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து ஜன்னலில் வைத்தார். மிஞ்சியதெல்லாம் அதில் போக வேண்டும். அடுத்த பயிற்சியில் முதலில் அதைக் காலி செய்ய வேண்டும். அதுதான் மிச்ச டப்பா.

“மாஸ்டர், ரெண்டையும் கலக்கக் கூடாது” என்று முதல் நாளே தோட்டாக்கா சொன்னார்.

“ஏம்மா, எடுக்கிறவனுக்குக் கண்ணு இல்லையா? நீ டப்பாவைக் குடு, போதும்.”

கொடுத்தார். கண் இருப்பவர்களுக்கும் மாஸ்டர் அவகாசம் தரவில்லை. கையில் நிறுத்துக் கடிகாரத்தோடு நின்று, ஒரு நிமிடத்தில் பத்துத் தோட்டாக்களை மேகசினில் திணிக்கச் சொல்வார். தோட்டா உள்ளே போய்ச் சரியாக உட்காராமல் திணறினால், பக்கத்துக் குமிழை உள்ளங்கையால் ஓங்கி அறையச் சொல்வார். “தட்டு, பூட்டு, சுடு!” என்பது அவருடைய மந்திரம். துப்பாக்கி திணறுவது என்றால் ‘இது என்னுடையதில்லை’ என்று அது சொல்கிறது என்று பொருள். அதன் வாயில் அறைந்து விழுங்க வைப்பதற்குப் பெயர் பயிற்சி.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எட்டாம் எண் ரைஃபிள் மீசையின் கையில் வெடித்தது.

மீசை என்பவருக்கு மீசை கிடையாது. கல்யாணத்துக்கு முதல் நாள் மழித்தவர், பெயர் மட்டும் முகத்தில் ஒட்டிக்கொண்டது. பதினாறு ஆண்டு அனுபவம், ஒரு நாள் தாமதம் கிடையாது. அன்று அவர் கையில் இருந்தது ஒல்லிக்குழல் ரைஃபிள். மூன்றாவது தோட்டா உட்காரவில்லை. தட்டினார், பூட்டினார், சுட்டார். மேகசின் கீழ்ப்பக்கமாகப் பிய்த்துக்கொண்டு பறந்தது. துப்பாக்கியைத் தாங்கியிருந்த இடது கையில் இரண்டு விரல்கள் போயின. கன்னத்தில் உலோகச் சிதறல் ஏறியது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது.

மாலைக்குள் ஓய்வறையில் கதை தயாராகிவிட்டது.

“அந்த எட்டாம் நம்பரே ராசியில்லாததுப்பா. போன வருஷம் அதைத் தூக்கினவனுக்குத்தான் கால் உடைஞ்சுது.”

“அவன் மாடிப்படியில விழுந்தான்டா.”

“விழும்போது எந்தத் துப்பாக்கியோட டூட்டி? அதைச் சொல்லு.”

மாஸ்டர் இதைக் கேட்டும் கேட்காதவர் போல நடந்துபோனார். ராசியின் மேல் பழி விழுந்தால் யாரும் டப்பாவுக்குள் எட்டிப் பார்க்க மாட்டார்கள். மூடநம்பிக்கை அப்பாவிகளின் பலவீனம் என்று சிலர் இரக்கப்படுவார்கள். அதனால் பிழைக்கிறவர் யார் என்று பார்த்தால் இரக்கம் போய்க் கோபம் வரும்.

மேலிடத்துக்கு ராசி என்று எழுத முடியாதே. அதனால் மாஸ்டர் அறிக்கையில் வேறு எழுதினார். காவலர் குழல்முனையைத் தரையில் ஊன்றி வைத்திருந்தார், மண் அடைத்துக்கொண்டது, அதைக் கவனிக்காமல் சுட்டார், ஆயுதம் ஏந்தத் தகுதியற்றவர். இந்தக் கடைசி வரி உறுதியானால் மீசையின் உரிமம் ரத்தாகும். எந்த வாசலிலும் அவரைக் காவலுக்கு நிறுத்த மாட்டார்கள். விசாரணை வெள்ளிக்கிழமை.

புதன்கிழமை தோட்டாக்கா மருத்துவமனைக்குப் போனார். மீசை கையில் கட்டோடு தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, கூலிக்குத் தைக்க வாங்கிய சட்டைகளுக்குப் பட்டன் கட்டிக்கொண்டிருந்தார்.

“அக்கா, இவரு மண்ணுல ஊன்றி வெச்சாருன்னு எழுதியிருக்காங்களாமே. வீட்டுல குடையைக்கூடத் தொடைச்சுத்தான் மாட்டுவாரு. நீங்களே சொல்லுங்க, இவரு அப்படிச் செய்யற ஆளா?”

“இல்லம்மா.”

“அப்ப யாரு செஞ்சது?”

தோட்டாக்கா தன் கையைப் பார்த்தார். அந்த டப்பாவை ஜன்னல் வழியே நீட்டியது அவருடைய கை.

வீட்டில் அவருடைய கணவர், பேருந்து ஓட்டுநர், ஷிஃப்ட் முடிந்து வந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நடந்ததை எல்லாம் கேட்டார்.

“நீ வாயைத் திறந்தா முதல்ல உன் வேலைதான் போகும். அது தெரியுதில்ல?”

“தெரியுது.”

“அப்புறம் எதுக்கு என்கிட்ட கேக்கற?”

“கேக்கல. சொல்றேன்.”

“சரி, அப்ப நல்லா சொல்லு. பாதி சொல்லி மாட்டிக்காத. நானும் வண்டியில பாதி பிரேக் போட்டதில்ல.”

வெள்ளிக்கிழமை, தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய, அதிகம் பேசாத ஒரு பெண்மணி. மாஸ்டர் தன் அறிக்கையை வாசித்துக் காட்டினார். காவலர்கள் சுவரோரம் நின்றார்கள். மீசை கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் எட்டாம் எண் ரைஃபிள், வயிறு பிளந்து கிடந்தது. அதை மறுநாள் உருக்குவதற்கு அனுப்ப மாஸ்டர் ஏற்கெனவே சீட்டு எழுதியிருந்தார்.

“வேற யாராவது ஏதாவது சொல்லணுமா?” என்று அதிகாரி கேட்டார்.

“நான் சொல்லணும்மா” என்றது பின்வரிசையில் ஒரு குரல். ஆள் தெரியவில்லை. காவலர்கள் விலகி வழிவிட்ட பிறகுதான் தெரிந்தார்.

“ஸ்டோர்ல உக்காந்திருக்கிறவங்கம்மா இவங்க. துப்பாக்கி பத்தி என்ன தெரியும்?” என்றார் மாஸ்டர்.

“எனக்குத் தெரியாதுதான் மாஸ்டர். அதான் துப்பாக்கியையே கேக்கலாம்னு வந்தேன்.”

சுவரோரம் யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. “கேளுங்க” என்றார்.

தோட்டாக்கா குழலின் முனையைத் தொட்டுக் காட்டினார். “மண்ணு அடைக்கிறது இந்த வாயிலதானே? அடைச்சிருந்தா இங்கதானே உப்பியிருக்கணும், கிழிஞ்சிருக்கணும்? இது குழந்தை விரல் மாதிரி வழவழன்னு இருக்கு. வெடிச்சது பின்னால, தோட்டா உக்கார்ற இடத்துல.”

பிறகு குழலைத் துடைக்கும் நீண்ட கம்பியை எடுத்தார். முனைவழியாக உள்ளே விட்டார். கம்பி தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போய், ஓர் இடத்தில் டக்கென்று நின்றது. குழல்முனையை ஒட்டிய இடத்தில் கம்பியில் சாக்பீஸால் கோடு போட்டு, வெளியே எடுத்து, கோடு முனையோடு பொருந்தும்படி குழலின் மேலேயே நீட்டி வைத்தார். கம்பியின் நுனி, தோட்டா உட்காரும் அறையின் வாசலில் வந்து நின்றது.

“உள்ளே ஒரு குண்டு மாட்டிக்கிட்டு இருக்கு. கிளம்பின இடத்தைவிட்டு நகரவே இல்லை. இந்தக் குழலோட குண்டா இருந்தா ஏன் நகராது?”

அதிகாரி எழுந்து வந்து, கம்பியைத் தன் கையால் விட்டுப் பார்த்தார். அதே கோட்டில் நின்றது. இயந்திரப் பட்டறையிலிருந்து ஃபிட்டரை வரவழைத்தார். ஃபிட்டர் ரைஃபிளைப் பிடிகருவியில் இறுக்கி, நெம்பிக் கால் மணி நேரம் போராடி, இறுகிப்போன பின்பகுதியைத் திறந்தார். நசுங்கிய பித்தளைத் துண்டு ஒன்று மேசையில் விழுந்து உருண்டது. அதிகாரி அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“முந்நூறு” என்று படித்தார்.

ஒல்லிக்குழல் துப்பாக்கிக்குள் தடியன்.

“எப்படி அம்மா இது இவர் மேகசினுக்குள்ள வந்துது?”

“நான் குடுத்தேன்.” தோட்டாக்கா அதோடு நிறுத்தவில்லை. “ரெண்டையும் கலந்து கொட்டின டப்பாவை அன்னிக்கு ஜன்னல்ல எடுத்துக் குடுத்தது நான்தான். எட்டு மாசமாக் குடுத்தேன். கலக்கச் சொன்னது மாஸ்டர். தப்புன்னு ஒரு தடவைதான் சொன்னேன். பத்துத் தடவை சொல்லியிருக்கணும், குடுக்க மாட்டேன்னு ஜன்னலைச் சாத்தியிருக்கணும். என்னை என்ன வேணா பண்ணுங்க. இவரு தகுதியில்லாதவருன்னு மட்டும் எழுதாதீங்க.”

“கண்டதையும் நம்பாதீங்க மேடம், எந்தக் காவலரும்…” என்று மாஸ்டர் ஆரம்பித்தார்.

“டப்பாவைக் கொண்டுவாங்க” என்றார் அதிகாரி.

இப்போது ஆள் அனுப்ப வேண்டியிருக்கவில்லை. எட்டாம் எண்ணுக்கு ராசியில்லை என்று அடித்துச் சொன்ன அதே காவலர் ஓடிப்போய் எடுத்துவந்து, மேசைமேல் கவிழ்த்தார். நூற்றுக்கு மேல் தோட்டாக்கள் உருண்டன. ஒல்லி, தடியன், தடியன், ஒல்லி. “இதெல்லாம் எங்க துப்பாக்கிக்குள்ள போக இருந்ததா?” என்று கேட்டவர், இரண்டடி பின்வாங்கினார்.

அதிகாரி வகைக்கு ஒன்றாக இரண்டு தோட்டாக்களை எடுத்து மாஸ்டரின் முன்னால் படுக்க வைத்தார். “ஒரு நிமிஷத்துல இந்தக் குவியல்ல இருந்து பத்து ஒல்லியை மட்டும் எடுத்து அடுக்குங்க. உங்க கடிகாரத்தை நான் பார்க்கறேன்.”

மாஸ்டர் ஆறு அடுக்கினார். அதில் ஒன்று தடியன்.

சுவரோரம் ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லோரும். மீசையால் தட்ட முடியவில்லை; நல்ல கையால் நாற்காலிப் பிடியை ஓங்கி ஓங்கி அறைந்தார். கண்ணில் நீர் வழிந்தது. துடைக்க மறந்துபோனார்.

தீர்ப்பு இரண்டு வாரத்தில் வந்தது. மாஸ்டரின் அறிக்கை செல்லாது. மீசையின் உரிமம் அப்படியே இருக்கும், வேலையும் இருக்கும். தோட்டாக்காவுக்கு எழுத்து மூலம் ஓர் எச்சரிக்கை. “நியாயம்தான்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மாஸ்டர் பயிற்சியாளர் பதவியிலிருந்து இறக்கப்பட்டு, மற்ற காவலர்களோடு வரிசையில் நின்று புதிதாகக் கற்க வேண்டும். ஒல்லிக்கும் தடியனுக்கும் தனித்தனிப் பூட்டறை, தனித்தனி நாள். எது திணறினாலும் யாரும் தட்டக் கூடாது. மிஞ்சிய தோட்டா அன்றே தன் பெட்டிக்குத் திரும்ப வேண்டும். சுடும் முன் ஒவ்வொருவரும் ஒவ்வொரு தோட்டாவையும் திருப்பி, அடியில் உள்ள எண்ணைச் சத்தமாகப் படிக்க வேண்டும். அதைக் கேட்டு அனுமதி தரும் பொறுப்பு மீசைக்கு.

மீசையின் கைக்கட்டுப் பிரித்த பிறகு நடந்த முதல் பயிற்சியை, வாழ்நாளில் முதல் தடவையாக, தோட்டாக்கா ஜன்னலைவிட்டு வெளியே வந்து நின்று பார்த்தார். மைதானத்தில் முப்பத்தெட்டுப் பேரும் பித்தளையைக் கண்ணருகே பிடித்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் போலக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

“இருநூத்தி இருபத்தி மூணு! இருநூத்தி இருபத்தி மூணு!”

மூன்று விரல் மிஞ்சிய இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மீசை வரிசையின் ஓரமாக நடந்தார். கடைசி ஆளிடம் வந்து நின்றார். அந்த ஆள் வாய்க்குள் முணுமுணுத்தார்.

“கேக்கலை மாஸ்டர்.”

“இருநூத்தி இருபத்தி மூணு.”

“இன்னும் சத்தமா. அதோ அக்காவுக்குக் கேக்கணும்.”

மாஸ்டர் ஒரு முறை கிடங்கின் பக்கம் பார்த்தார். தொண்டையைச் செருமினார். பத்துத் தோட்டாக்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பி, பத்து முறை, மைதானம் முழுக்கக் கேட்கும்படி படித்தார். மீசை கடைசி எண் வரை பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

“இப்ப சுடலாம்.”