பட்டுப்புடவைகளுக்கு நடுவே ஓர் இழைப்புளி

எங்கள் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே ஓர் இழைப்புளி இருக்கிறது. மரத்தை இழைக்கிற சாமானுக்குப் பீரோவில் என்ன வேலை என்று பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டுப் பூட்டிவிடுவேன். அப்பாவின் பழைய வேட்டித் துண்டில் சுற்றி வைத்திருக்கிறேன். திறக்கும்போதெல்லாம் பாச்சை உருண்டை வாசனையோடு தேங்காயெண்ணெய் வாசனையும் சேர்ந்து வரும்.

அப்பா மில்லில் தச்சராக இருந்தார். உளி, ரம்பம், இழைப்புளி எல்லாம் அவருடைய சொந்தச் சாமான்கள். தகரப் பெட்டி ஒன்றில் அடுக்கிக் கட்டிலுக்கடியில் வைத்திருப்பார். நான் ஒரே பெண். கூடப்பிறந்தவர்களோடு சண்டை போடும் கொடுப்பினை இல்லாததால் அந்தப் பெட்டியோடுதான் எனக்குச் சண்டை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதன் முன்னால்தான் உட்கார்ந்திருப்பார். ஒரு தடவை ஆசையாக ஓர் உளியை எடுத்தேன். சுரீரென்று கையில் ஓர் அடி விழுந்தது. "பொட்டப்புள்ள கை வைக்கிற சாமானா இது?" என்றார். அடி மறந்துவிட்டது. அந்த வார்த்தை மறக்கவில்லை.

நான் கல்லூரியில் படிக்கும்போது அம்மா போய்விட்டாள். அதற்கப்புறம் அப்பா அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை. சாவி எங்கே என்று கேட்டால், "அத இப்ப திறந்து என்ன ஆவணும்?" என்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பெட்டி பின்பக்கத் தகரக் கொட்டகைக்குப் போனது. கடலோரத்து ஊர், மழைக்காலத்தில் கொட்டகைக்குள் தண்ணீர் நிற்கும். இரும்பு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டுமா?

கல்யாணமான பிறகும் அப்பாவைத் தனியே விட மனமில்லாமல் எங்கள் ஊரான சாரத்தில் அவர் வீட்டிலேயே இருந்தோம். என் கணவருக்கு ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. ஆணி அடித்தால் விரலில்தான் அடிப்பார். சுனாமிக்கு அடுத்த வருடம் விட்டுவிட்டுப் பெய்த மழையில் கூடத்து ஜன்னல் உப்பிப்போய்ச் சாத்த முடியவில்லை. "மாமா, இத கொஞ்சம் இழைச்சா சரியாயிடும்ல?" என்று இவர் சும்மாதான் கேட்டார். அப்பா எழுந்து போய், சாமி மாடத்தில் முருகர் படத்துக்குப் பின்னால் கைவிட்டுச் சாவியை எடுத்து, "இந்தாங்க மாப்ள" என்று நீட்டினார். தினமும் அந்தப் படத்துக்குப் பூ வைத்து விளக்கேற்றியவள் நான். எனக்குத் தெரியாத சாவி! வயிறு எரிந்தது. இன்று நினைத்தாலும் எரிகிறது.

பெட்டிக்குள் எல்லாம் செங்கல் நிறத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. தூக்கிப் போட்டுவிடுவார் என்று உள்ளுக்குள் எனக்கு ஒரு சந்தோஷம். இவரோ விடவில்லை. அலுவலகம் விட்டு வந்ததும் லுங்கியைக் கட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விடுவார். குழம்புக்கு வைத்திருந்த புளியைக் கரைத்து அதில் உளிகளை ஊறப்போட்டார். ரேஷன் மண்ணெண்ணெயில் பாதி இழைப்புளித் தகட்டுக்குப் போனது. பாத்திரம் தேய்க்கும் கம்பி நார், உப்புத்தாள், கடைசியில் என் தலைக்கு வைத்திருந்த தேங்காயெண்ணெய் என்று ஒவ்வொன்றாகக் கொட்டகைக்கு நடந்தன. பக்கத்தில் ஸ்டூல் போட்டு அப்பா உட்கார்ந்திருப்பார். இரண்டு பேரும் அதிகம் பேசமாட்டார்கள். தேய்க்கிற சத்தம் மட்டும் சமையற்கட்டுக்குக் கேட்டுக்கொண்டிருக்கும். காப்பி கொண்டுபோனால், "அங்கியே வச்சிட்டுப் போ பாப்பா" என்பார் அப்பா. எந்த மனுஷியாவது துருப்பிடித்த இரும்பையும் தாலி கட்டியவரையும் ஒரே நேரத்தில் பார்த்துப் பொறாமைப்பட்டிருப்பாளா? நான் பட்டேன். யார் மேல் அதிகம் என்று கேட்டால், அந்தப் பக்கத்து ஸ்டூலின் மேல்தான்.

ஆயுத பூஜைக்குள் எல்லாம் பளபளவென்று ஆகிவிட்டன. மாடத்துக்கு முன் வாழையிலையில் வரிசையாகப் பரப்பினார்கள். இவர் சந்தனக் கிண்ணத்தை எடுக்கப்போனபோது அப்பா தடுத்தார். "பாப்பா, நீ வந்து பொட்டு வைம்மா" என்றார்.

அந்தச் சாமான்களை நான் தொட அவர் சொன்னது அன்றுதான். சந்தனத்தைத் தாராளமாகக் குழைத்து ஒவ்வொன்றுக்கும் பெரிய பெரிய பொட்டாக வைத்தேன், நடுவில் குங்குமம். பூஜையில் வைத்ததை மறுநாள்தான் எடுக்க வேண்டும். ஆனால் விடிவதற்குள் விழுப்புரத்தில் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று போன் வந்தது. மூவரும் போட்டது போட்டபடி கிளம்பினோம். அவர் தேறிய பிறகு திரும்பி வந்து பார்த்தால், காய்ந்து உதிர்ந்த ஒவ்வொரு பொட்டுக்குக் கீழேயும் வட்டமாகத் துரு.

இவர் முகம் செத்துப்போனது. ஈரச் சந்தனம் எண்ணெய் போட்ட இரும்பைக்கூட விடாது என்று யாருக்குத் தெரியும்? உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். உளிகள் சரியாகிவிட்டன. இழைப்புளியை எடுத்தபோது அப்பா அதைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"இது இருக்கட்டும் மாப்ள. உங்க அத்தையும் கல்யாணமாயி மொத வருசம் இப்பிடித்தான் ஈரத்தோட பொட்டு வச்சிட்டா. அந்த வட்டம் இதே எடத்துலதான் இருந்துச்சு. இத்தினி வருசத் துருவுல அதுவும் போயிடுச்சு." தகட்டைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

பெட்டியைப் பூட்டியது ஏன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. கூடவே இன்னொன்றும் விளங்கியது. அவர் தடவியது என் பொட்டை இல்லை, அம்மாவின் பொட்டை. போய்ச் சேர்ந்தவள் மேலும் பொறாமைப்பட்டேன். வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

ஆனால் அன்றிலிருந்து மாலையில் அப்பா கொட்டகைக்குப் போகவில்லை. சமையற்கட்டு வாசலில் ஸ்டூலைப் போட்டு, இழைப்புளியை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பற்றிச் சொல்வார். நான் காய் நறுக்கிக்கொண்டே கேட்பேன். கொட்டகையில் இவர் தனியாக எதையோ தேய்த்துக்கொண்டிருப்பார். அப்பா இறக்கும்வரை அது நடந்தது.

காரியம் முடிந்த அன்று பெட்டியைத் துடைத்துக்கொண்டே இவர் சொன்னார்: "உங்கப்பாவுக்காக எவ்ளோ தேச்சேன். நான் தேச்சதுல ஒண்ணக்கூட அவரு ஆசையா தொட்டுப் பாத்ததில்ல. தொட்டதெல்லாம் நீ வச்ச துருவத்தான்." குரலில் இருந்தது என்னவென்று எனக்கா தெரியாது? எத்தனை வருடம் நான் சமைத்துச் சாப்பிட்டது அது. அவருக்கு ஆறுதல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பெட்டியையும் மற்றதையும் அவரிடமே விட்டுவிட்டு இழைப்புளியை மட்டும் எடுத்துவந்து பீரோவில் வைத்தேன். ஈரக்காற்றில் அந்த வட்டம் பரவாமல் இருக்க மாதாமாதம் எண்ணெய் போட வேண்டும். அந்த வேலைக்கு இவர் கைதான் சரி. "பீரோ சாவி எங்க?" என்று வந்து நிற்பார். காய் நறுக்குவதை நிறுத்தாமல், அப்பா மாதிரியே நானும் கேட்பேன்: "அத இப்ப திறந்து என்ன ஆவணும்?"

கொஞ்ச நேரம் நிற்கவிட்டுத்தான் கொடுப்பேன்.