அழிக்காமல் வைத்திருந்த கடல்

சித்திரை வெயிலில் கோவளத்திலிருந்து பைக்கில் வருகிற ஒருவன் தலையில் குரங்குக் குல்லாய் இருந்தால் என்ன நினைப்பீர்கள்? நானும் அதைத்தான் நினைத்தேன். மச்சான் எனக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அந்தக் கோலத்தில்தான் வந்து நின்றான். கணினிக் கூடத்துக்குள் குளிரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வீட்டிலிருந்தே மாட்டிக்கொண்டு வந்துவிட்டான். உறவு முறையில் அவன் எனக்கு ஒன்றும் இல்லை. நான் மச்சான் என்றேன், அவன் அண்ணாத்த என்றான், அவ்வளவுதான்.

எங்களுடையது ஓர் ஆய்வு நிலையத்தின் சூப்பர் கம்ப்யூட்டர். விஞ்ஞானிகள் கடல், காற்று, மழை என்று அதில் கணக்கு ஓட்டுவார்கள். ஒரு கணக்கே பல நாள் ஓடும். அது கக்கும் தரவை வைக்க எவ்வளவு ஹார்ட் டிஸ்க் வட்டு வாங்கிப் போட்டாலும் போதாது. அதனால் ஒரு விதி உண்டு. மூன்று மாதம் யாரும் தொடாத கோப்பு தானாக அழிந்துவிடும். அந்த விதியைக் காவல் காப்பது என் வேலை. வட்டு நிறைந்தால் ஓடிக்கொண்டிருக்கும் கணக்குகள் பாதியில் செத்து விழும். ஆளாளுக்குப் போன் போட்டு என்னிடம் கத்துவார்கள். நானும் கத்துவேன். எனக்கு நல்ல பெயர் எப்போதுமே கிடையாது.

ஒரு வருடம் வட்டில் சுமை குறையவே மறுத்தது. தோண்டிப் பார்த்தால், புயலில் கடல் ஊருக்குள் எவ்வளவு தூரம் ஏறும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ஒரு விஞ்ஞானி அம்மாவின் கோப்புகள். கோவளம் முதல் மாமல்லபுரம் வரைக்கும் உள்ள கரை மொத்தமும் அதில் இருந்தது. அந்த அம்மாவோ புற்றுநோய் வந்து மாதக்கணக்கில் சிகிச்சையில் இருந்தார். ஆனால் கோப்புகளின் தேதி மட்டும் வாராவாரம் புதிதாகிக்கொண்டிருந்தது. திறந்து பார்க்காமலே தேதியை மாற்றிவிட ஒரு கட்டளை உண்டு. அதைப் போட்டுக்கொண்டிருந்தவன் மச்சான்.

கூப்பிட்டுக் கிழித்தேன். யார் சொல்லிச் செய்தாய், அடுத்தவன் கணக்கு நின்றால் உன் அப்பனா வந்து பதில் சொல்வான் என்றெல்லாம் கேட்டேன். அவன் தலையைத் தொங்கப்போடவில்லை.

"அந்தம்மா திரும்பி வந்து பாக்கும்போது ஒண்ணுமே இல்லன்னா இன்னா நெனைக்கும் அண்ணாத்த? ஆளு போய்டுச்சுன்னு நம்மளே முடிவு கட்டிட்ட மாதிரி இருக்காதா?"

"வருவாங்கன்னு உனக்கு எவன்டா சொன்னது?"

"வரமாட்டாங்கன்னு உனக்கு எவன் சொன்னான்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. வேறு இடத்துக்கு மாற்றலாம் என்றால் பழைய தரவை ஒதுக்கி வைக்கும் டேப்பிலும் இடமில்லை. அந்த வாரமே மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, புதிய திட்டத்துக்கு இடம் வேண்டும், அந்த அம்மாவுடையதை எடுத்துவிடுங்கள் என்றார். "உங்க மாணவர்கள் போட்டு வெச்சிருக்கிற குப்பைய மொதல்ல எடுங்க சார், அப்புறம் நோயாளியோடத பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மச்சான் வெளியில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். கேன்டீனில் எனக்கு வடை வாங்கி வைத்தான். 

அந்த அம்மா வந்தார். ஆடி மாதம் என்று நினைவு. முடி அப்போதுதான் முளைக்கத் தொடங்கியிருந்தது. திரை முன் உட்கார்ந்து, எல்லாம் அப்படியே இருப்பதைப் பார்த்து, "இன்னும் வெச்சிருக்கீங்களா?" என்றார். மச்சான் வாசலிலேயே நின்றான். உள்ளே வர அவனுக்குக் கூச்சம்.

கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா எங்களைக் கூப்பிட்டு, இதையெல்லாம் அழிக்கப்போகிறேன் என்றார். சிகிச்சை முடிந்து கோவளத்தில் தாய் வீட்டில் தங்கியிருக்கிறார். மாலையில் கரையோரம் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். நடந்தபோதுதான் பார்த்திருக்கிறார். அலையைத் தடுக்கக் கல் கொட்டிய இடத்துக்கு வடக்கே மணலைக் கடல் தின்றுவிட்டிருக்கிறது. "என் கணக்குல அங்க கரை இருக்கு. நேர்ல போனா கால் வைக்க இடமில்ல. பழைய கடல் ஆழத்த வெச்சு போட்டது, எல்லாமே தப்பு."

அழித்தார். எத்தனையோ மாதம் மச்சான் தூக்கிச் சுமந்தது சிறிது நேரத்தில் போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"மேடம், புதுசா ஓட்டணும்னா எவ்ளோ எடம் வேணும்னு சொல்லுங்க. அண்ணாத்த குடுப்பாரு."

குடுத்தேன். வேறு என்ன செய்ய?

இப்போது மச்சான் திருப்போரூர் பக்கம் மனை விற்கிறான். இங்கே இருப்பவர்கள் நல்ல படிப்புப் படித்த பிள்ளைகள். யாருக்கும் எந்தக் கோப்பு யாருடையது என்று தெரியாது. எந்திரம் பட்டியல் போடுகிறது, எந்திரமே அழிக்கிறது. போன வாரம் அந்தப் பட்டியலில் அந்த அம்மாவின் பெயரைப் பார்த்தேன். மூன்று மாதமாக ஆள் உள்ளே வரவில்லை. அவருக்கே போன் போட்டேன். வெகுநேரம் அடித்தது.

"இருக்கேன் சார், ஊர்ல இல்ல, அவ்ளோதான்" என்றார். "அழிச்சிடாதீங்க."

உடனே மச்சானைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "சரி அண்ணாத்த, கஸ்டமர் வந்துகினு கீறாரு, வெச்சிடறேன்" என்றான். போனை வைக்க மறந்துவிட்டான். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தெருவுக்கு எத்தனை அடி விட்டிருக்கிறது என்று யாருக்கோ விளக்குவதை நான் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தேன்.