எட்டு வருடத் தூசி

மொன்றியல் நகரின் லாசாலில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும் நகுலேஸ்வரனுக்குச் சிகரெட் பழக்கம் இல்லை. குடியும் இல்லை. புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் இருபத்திரண்டு வருடம் ஒரே வேலை, ஒரே ஷிப்ட். இப்படிப்பட்ட மனிதனைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நான் அவனைப் பற்றி ஏற்கெனவே ஒருமுறை எழுதியிருக்கிறேன். இரண்டாயிரமாம் ஆண்டில், பன்னிரண்டு பக்கம். அதில் பாதி பொய்.

அந்தக் காலத்தில் அகதிக் கோரிக்கைக்கு வழக்கறிஞரிடம் போகுமுன் எங்கள் ஆட்கள் என்னிடம் வருவார்கள். விமலநாதன் எழுதினால் கேஸ் நிற்கும் என்று பேர். அந்தப் பேரில் எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது.

நகுலன் தொண்ணூற்றிரண்டில் யாழ்ப்பாணத்தை விட்டு குவைத்துக்குப் போனவன். எட்டு வருடம் அங்கே குளிரூட்டி துப்புரவு செய்யும் வேலை. பங்குனியில் தொடங்கினால் ஆடி மட்டும் பாலைவனத்தில் இருந்து தூசுப்புயல் வருமாம். மத்தியானத்திலேயே தெருவிளக்குப் போடுவார்களாம். ஊரே கதவு யன்னல் இடுக்குகளில் ஒட்டுநாடா ஒட்டிக்கொண்டு உள்ளே இருக்கும். புயல் அடங்கிய மறுநாள் விடியத்தான் இவனுக்கு வேலை. மொட்டைமாடி மொட்டைமாடியாக ஏறி, குளிரூட்டிகளின் வடிகட்டிகளைக் கழற்றி, சுவரில் அடித்துத் தூசியைக் கொட்ட வேண்டும். கோதுமை மா மாதிரி மெல்லிய தூசி. துவாயை நனைத்து மூக்கில் கட்டினால் அரை மணித்தியாலத்தில் அது சேறாகிவிடும். அறையில் எட்டுப் பேரும் இருமுவார்கள். சீசன் இருமல் என்று பெயர் வைத்துக்கொண்டு அடுத்த நாளும் வேலைக்குப் போவார்கள்.

இதையெல்லாம் அவன் எனக்குச் சொன்னது கேஸ் எழுதத்தான். நான் எழுதவில்லை. உயிருக்குப் பயந்து ஓடி வந்தவன் எட்டு வருடம் குவைத்தில் சம்பளம் வாங்கினானா என்று கேட்பார்கள் என்றேன். அந்த எட்டு வருடத்தையும் வன்னியில் முல்லைத்தீவுக்கு மாற்றினேன். இடம்பெயர்ந்தது, காட்டோரம் கொட்டில் போட்டது, மலேரியா வந்தது, எல்லாம் நான் போட்டவை. நல்ல கதை. கேஸ் நின்றது. பிறகு மனைவி ஞானாம்பிகையைக் கூப்பிட்டான், ஆர்த்திகா பிறந்தாள், குடியுரிமையும் கிடைத்தது. முல்லைத்தீவை அவன் என்னைவிட நன்றாகச் சொல்லப் பழகிவிட்டான். மகளுக்கும் அதுதான் அப்பாவின் வரலாறு.

காட்டுத்தீப் புகை வந்து மொன்றியல் வானம் மஞ்சளாகக் கிடந்த அந்த ஜூன் மாதம், கட்டடமே என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது நகுலன் மட்டும் படுக்கை விரிப்புகளை நனைத்து யன்னல்களில் தொங்கவிட்டான். கீழ்வீட்டுக்காரர் அதிசயமாகக் கேட்டார். "இவர் வன்னியிலை பழகினவர்," என்றாள் ஞானாம்பிகை. புகை நாலு நாளில் போய்விட்டது. இவனுக்கு அதில் வந்த இருமல் போகவில்லை.

படம் எடுத்ததில் இரண்டு நுரையீரலிலும் புள்ளிகள். அடுத்த வருடம் மார்ச்சில் டாக்டர் கூப்பிட்டார். பிரெஞ்சை மொழிபெயர்த்துச் சொல்ல ஆர்த்திகா வருகிறேன் என்றாள். இவன் வேண்டாம் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனான்.

டாக்டர் பொறுமையான பெண். இது தூசியால் வந்த நோயாக இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம் என்றார். முன்பு எங்கேயாவது தூசிக்குள் நெடுங்காலம் வேலை செய்தவர் என்றால் படம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இல்லையென்றால் வெட்டி, நுரையீரலில் ஒரு துண்டு எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

நான் அப்படியே தமிழில் சொன்னேன்.

"இல்லையெண்டு சொல்லுங்கோ அண்ணை."

"நகுலன், சொன்னால் வெட்டத் தேவையில்லையாம்."

"குவைத் எண்டு கம்ப்யூட்டரிலை ஏத்துவினம். பழைய கேஸோடை பொருத்திப் பார்ப்பினம். சிட்டிசனைப் பறிச்சால் பிள்ளையின்ரை கதி என்ன? அந்தக் கேஸ் எழுதினது நீங்கள். உங்களையும் கேப்பினம்."

அவன் என்னைப் பயமுறுத்தவில்லை. எனக்காகவும் சேர்த்துத்தான் யோசித்தான். ஆனால் எனக்குப் பயம் வந்தது, அதை ஒளிக்கப் போவதில்லை. டாக்டரைப் பார்த்து, "இல்லை, அப்படி எந்த வேலையும் செய்யவில்லை," என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

ஏப்ரலில் வெட்டினார்கள். இரண்டு நாளில் வீடு என்றார்கள். நுரையீரலில் இருந்து காற்றுக் கசிந்து, விலாவில் குழாயோடு பதினேழு நாள் கிடந்தான். இப்போது மூன்றாம் மாடிக்கு ஏற நாலு இடத்தில் நிற்கிறான். கிடங்கு வேலை போய்விட்டது. நான் பின்னேரங்களில் போய்ப் பக்கத்தில் இருப்பேன். தொலைக்காட்சி ஓடும். எனக்கு அழ வேண்டும் போலக்கூட இல்லை, வெறுமையாக இருந்தது.

ஜூனில் முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. எடுத்த துண்டு முழுக்க மணல் தூசி, பல வருடத்துத் தூசி. டாக்டர் கணினியை மூடிவிட்டு எங்களைப் பார்த்தார். இது எங்கிருந்து வந்தது என்று கேட்டார்.

"முல்லைத்தீவு கடற்கரைப் பக்கம் எண்டு சொல்லுங்கோ," என்றான் நகுலன். முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. பிறகு அந்தக் கோபம் யார்மேல் வந்திருக்க வேண்டும் என்று விளங்கியது. "குவைத், எட்டு வருடம், குளிரூட்டி வடிகட்டி," என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டேன். குவைத் என்ற சொல் அவனுக்குக் கேட்டது. உட்கார்ந்திருந்த கதிரையின் விளிம்பைப் பிடித்தான்.

டாக்டர் அதையும் எழுதினார். எழுதி முடித்து என்னைப் பார்த்து, மார்ச்சிலேயே இதைச் சொல்லியிருந்தால் இவரை வெட்ட அனுப்பியிருக்க மாட்டேன் என்றார். குரலில் கோபம் இல்லை.

"என்ன அண்ணை சொல்லுறா? ஆரும் வருவினமோ?"

"ஒருத்தரும் வரமாட்டினம்."

"வேறை என்ன சொன்னவ? கனக்கச் சொன்னாவே."

"கான்சர் இல்லையெண்டு நிச்சயமாத் தெரிஞ்சுட்டுதாம். மூண்டு மாதத்தாலை வரட்டாம்."

அவன் சட்டையின் மேல் தையல் போட்ட இடத்தைக் கையால் தடவினான்.

"அப்ப வெட்டினது நல்லதாப் போச்சு," என்றான்.

"ஓம்," என்றேன்.